எரிமலை இல்லாத மலைநாட்டில்

கேரளத்தில் எரிமலை கிடையாது. பாலக்காட்டுக் கணவாயின் இருமருங்கிலும் எழும் மலைகளிலோ, அதற்குத் தெற்கே ஆனைமலையும் ஏலமலையும் தமிழ்நாட்டுக்கும் இடுக்கி மாவட்டத்துக்கும் நடுவே வேலி கட்டினாற்போல் நிற்கும் பிரதேசத்திலோ, மனிதர் நினைவுக்கு எட்டிய காலத்தில் நெருப்பைக் கக்கிய சிகரம் ஒன்றுகூட இல்லை. கூம்பு வடிவமான குன்று எதைக் கண்டாலும் அதை அணைந்துபோன எரிமலை என்று உல்லாசப் பயணிகளுக்குச் சொல்லிவைப்பவர்கள் எங்கும் உண்டென்றாலும், அந்தக் கதைக்குச் சாஸ்திர ஆதாரம் ஏதும் இல்லை. அப்படியிருக்க, எரிமலைப் பாறைகளையும் அவற்றின் பிறப்பிடமாகிய பூமியின் ஆழ்ந்த கவசத்தையும் ஆராய்வதே தொழிலாகக் கொண்ட பூகர்ப்ப சாஸ்திரப் பேராசிரியர்கள், ஹவாய்த் தீவையும் இத்தாலியையும் விட்டுவிட்டு, அட்டப்பாடிக் காட்டிலும் மூணாற்றுத் தேயிலைச் சரிவிலும் சுத்தியலும் கையுமாக அலைவானேன் என்று ஒருவர் கேட்டால், கேள்வி நியாயமானதே. எரிமலையின் வாயைக் காண்பதற்கு அது எரிந்துகொண்டிருக்கும் இடத்துக்குப் போகவேண்டும். அதன் வேரைக் காண்பதற்கோ, மேலே இருந்ததெல்லாம் மழையிலும் வெயிலிலும் தேய்ந்து, ஆறுகளோடு கடலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட இடத்துக்குத்தான் வரவேண்டும்.

நாம் நிற்கும் மேலோடு தென்னிந்தியாவில் ஏறத்தாழ 35 முதல் 45 கிலோமீட்டர் கனமுள்ளது. அதற்குக் கீழே, சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை வியாபித்திருப்பது கவசம். பூமியின் மொத்தக் கன அளவில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அதுவே. இவ்வளவு பெரியதொரு பொருளை, அது தன் இருப்பிடத்தில் இருக்கும் நிலையில், மனிதன் இதுவரை தொட்டதில்லை. ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970இல் துளைக்கத் தொடங்கிய கிணறு, பத்தொன்பது ஆண்டு உழைப்புக்குப் பின் 1989இல் 12,262 மீட்டர் ஆழத்தை எட்டி, உஷ்ணம் தாங்கமாட்டாமல் அங்கேயே நின்றுவிட்டது. அது அவ்விடத்து மேலோட்டில் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. ஆகவே கவசத்தைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி பிரத்தியட்சமன்று, அனுமானம். பூகம்பத்தால் கிளம்பும் அலைகள் ஓர் ஆழத்துக்குக் கீழே சட்டென்று வேகம் கூடுவதை 1909இல் மொஹோரோவிசிச் என்ற குரோவேஷிய அறிஞர் கண்டு, மேலோடு முடிந்து கவசம் தொடங்கும் எல்லையை நிச்சயித்ததும் அனுமானத்தின் பலத்தினாலேதான். இடுக்கி எல்லையிலிருந்து அதிக தூரமில்லாத கொடைக்கானல் வானாய்வு நிலையத்தில் 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயிலேயே பூகம்பமானி வைக்கப்பட்டதை நினைக்கையில், இந்த விசாரணை நம் மலைகளுக்கும் புதிதன்று என்று தெரிகிறது.

இங்கே ஒரு தப்பபிப்பிராயத்தை நீக்கிவிட வேண்டும். கவசம் என்றதும் கொதித்துத் தளதளக்கும் அக்னிக் கடலைப் பலரும் மனத்தில் எழுப்பிக்கொள்கிறார்கள். திரவத்தில் புகமுடியாத குறுக்கலைகள் கவசம் முழுவதையும் ஊடுருவிச் செல்வதால், அது திடப் பாறை என்பதில் சந்தேகமில்லை. ஆலிவின் என்ற பச்சைக் கனிமம் மிகுந்த பெரிடோடைட் என்னும் அப்பாறை, திடமாக இருந்தபடியே ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் ஊர்கிறது. மேலோட்டை ஒட்டிய தட்டுக்குக் கீழே உஷ்ணம் 1,300 டிகிரிக்கு மேற்பட்டிருந்தும் அது உருகாமலிருப்பதற்குக் காரணம், மேலே சுமந்திருக்கும் பாறையின் அழுத்தம். அழுத்தம் கூடக்கூட உருகுநிலையும் கூடுகிறது. அப்பாறை ஏதோ ஒரு காரணத்தால் மேலே எழுமானால், உஷ்ணம் அதிகம் குறையாமலே அழுத்தம் மாத்திரம் தளர்ந்து, நூற்றுக்குச் சில பங்கு உருகி, அந்தச் சொற்பப் பங்கு பசால்ட் குழம்பாகப் பிரிந்து மேல்நோக்கி வழி தேடுகிறது. எரிமலை பிறப்பதற்குப் பெரும்பாலான இடங்களில் புதிதாக உஷ்ணம் வேண்டியதில்லை, பாரம் இறங்கினால் போதும் என்கிற இவ்விஷயம், பள்ளிப் பாடங்களில் இதற்குரிய இடத்தைப் பெறாமலே இருந்துவருவது வருத்தத்துக்குரியது.

இனி மலைக்கு வருவோம். நீலகிரி, ஆனைமலை, ஏலமலை ஆகியவற்றின் பெரும்பகுதி சார்னோக்கைட் என்னும் கரும்பச்சை நிறப் பாறையால் ஆனது. தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர், சென்னையை அடுத்த பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் இப்பாறையை ஆராய்ந்து, 1893இலும் 1900இலும் உலகத்துக்கு அறிமுகம் செய்தார். கல்கத்தாவில், இப்பாறைக்குப் பெயர் தந்த ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடக்கும் கல்லும் இதே இனம். உடைத்த முகத்தில் எண்ணெய் தடவினாற்போல் ஒரு மினுக்கம் தெரியும். அதிலுள்ள கனிமங்கள் ஒன்றோடொன்று சமநிலை கொள்ளவேண்டுமானால் 700 முதல் 900 டிகிரி உஷ்ணமும், 20 முதல் 30 கிலோமீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தமும் வேண்டும் என்று சோதனைச்சாலையில் கண்டிருக்கிறார்கள். அதாவது, இன்று ஏலக்காய்த் தோட்டத்தில் முழங்கால் உயரத்துக்குத் தலைநீட்டிக்கொண்டிருக்கும் பாறை, ஒரு காலத்தில் மேலோட்டின் அடிவாரத்தில் கிடந்த பாறை. அதன்மேல் இருந்த இருபது கிலோமீட்டர்க் கனம், கோடிக்கணக்கான ஆண்டுகளில் எழும்பி எழும்பித் தேய்ந்து மறைந்துவிட்டது. கோலாவில் இத்தனை ஆண்டு துளைத்தும் எட்டாத ஆழத்தை, இயற்கை தானாகவே மேலே கொண்டுவந்து வைத்திருக்க, போடிமெட்டிலிருந்து இறங்கும் பஸ்ஸின் ஜன்னல் வழியே அதை நாம் பார்த்துக்கொண்டு வருகிறோம்.

திருவனந்தபுரத்துப் புவி அறிவியல் ஆய்வு மையத்தில் 1980களில் பணிபுரிந்த எம். சந்தோஷ், இப்பாறையில் தேர்ந்துகொண்ட விஷயம் மிகச் சிறியது. பாறையிலிருந்து சீவல் ஒன்றை அறுத்து, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து மெருகேற்றி, உருப்பெருக்கியின் அடியில் வைத்துப் பார்த்தால், குவார்ட்ஸ் படிகங்களுக்குள்ளே மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்குகூட இல்லாத நுண்ணிய குமிழிகள் வரிசை வரிசையாகத் தெரியும். படிகம் வளர்ந்த காலத்தில் அதைச் சூழ்ந்திருந்த வாயு அவற்றில் சிறைப்பட்டிருக்கிறது. அது எந்த வாயு என்று அறியக் குமிழியை உடைக்க வேண்டியதில்லை. சீவலைக் குளிரவைத்து உள்ளிருப்பதை உறையச் செய்து, பின் மெல்ல மெல்லச் சூடேற்றும்போது, சரியாக மைனஸ் 56.6 டிகிரியில் அது இளகுமானால், அடைபட்டிருப்பது கலப்பற்ற கார்பன் டை ஆக்ஸைடு என்று தீர்மானம். கேரளச் சார்னோக்கைட்டுகளில் கண்டவற்றுள் மிகப் பல அத்தகையவை. நீராவி வேண்டிய இடத்தில் கரியமில வாயு எப்படிப் புகுந்தது? கவசத்திலிருந்து கிளம்பி மேலோட்டின் அடித்தளத்தை ஊடுருவி, அங்கிருந்த ஈரத்தைத் துரத்திப் பாறையை உலர்த்தியது அதுவே என்று ஒரு சாராரும், மேலோட்டிலேயே புதைந்துகிடந்த கரிப்பொருளும் சுண்ணப் படிவங்களும் உஷ்ணத்தில் சிதைந்ததன் விளைவு என்று மற்றொரு சாராரும் வாதித்தார்கள். என் அபிப்பிராயத்தில், இடத்துக்கு இடம் இரண்டும் உண்மையாக இருப்பதில் தடையில்லை. ஆனால் மலையின் உற்பத்தியைப் பற்றிய வழக்குக்கு, மயிரிழையிலும் மெல்லிய ஒரு குமிழி சாட்சி சொல்ல வந்தது என்பது பெரிய விஷயம். சந்தோஷ் பின்னர் ஜப்பானிலும் சீனாவிலும் பேராசிரியராகி, 1997இல் ‘கோண்டுவானா ரிசர்ச்’ என்ற சஞ்சிகையைத் தொடங்கினார்.

பாலக்காட்டுக் கணவாயின் உற்பத்தி இன்னும் தீராத விவகாரம். முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலையே திடீரென்று இல்லாமற்போய், தென்மேற்குக் காற்று தடையின்றிக் கோயம்புத்தூர்ச் சீமைக்குள் புகுவதற்கு வழிவிட்டிருக்கும் இவ்விடம், பாலக்காடு–காவேரி பிளவு மண்டலம் எனப்படும் நெடிய பலவீனக் கோட்டின்மேல் அமைந்திருக்கிறது. ஆறுகளே அரித்தன என்றும், நிலம் பிளந்து தாழ்ந்தது என்றும் 1950களிலும் 60களிலும் எழுதப்பட்டவை ஒருபுறமிருக்க, சந்தோஷும் கூட்டாளிகளும் 2009இல் வெளியிட்ட கட்டுரை, கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்தபோது, இடையிலிருந்த ஒரு சமுத்திரம் மூடிக்கொண்ட தழும்பே இக்கோடு என்று கூறிற்று. 2013இல், அட்டப்பாடியைச் சேர்ந்த அகளிக் குன்றின் பாறைகளை ஆராய்ந்து, அவையும் ஒரு பழஞ்சமுத்திரத்தின் அடித்தளத்தோடு கவசத்தின் மேல்விளிம்பும் சேர்ந்து நிலத்தின்மேல் ஏறிய துண்டு என்றார்கள். அதன் வயதோ ஏறத்தாழ 250 கோடி ஆண்டு, கோண்டுவானாவைவிட மிக மிக முந்தியது. ஒரே தழும்பில் இருவேறு யுகங்களின் காயங்கள் என்று இதைக் கொள்வாரும் உண்டு. முந்தியதை ஏற்றுப் பிந்தியதை மறுப்பாரும் உண்டு.

கம்பத்திலிருந்து மேற்கே மலையேறி இடுக்கி மாவட்டத்துக்குள் புகும் கம்பமெட்டுப் பாதை தோட்டத் தொழிலாளருக்கும் ஏலக்காய் வியாபாரிகளுக்கும் அறிமுகமானது. அப்பகுதியில், தமிழ்நாட்டு எல்லைக்குள், பார்வைக்குச் சலவைக்கல் போன்ற வெளிறிய பாறை கிடக்கிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு சொட்டு விட்டால் நுரைத்துச் சீறும். சுண்ணக்கல் என்று எண்ணி நடந்துவிடலாம். ஆனால் கடலில் படிந்த சுண்ணத்தில் காணமுடியாத அளவுக்கு ஸ்ட்ரான்ஷியமும் அருமண் தனிமங்களும் அதில் நிறைந்திருப்பதால், அது கவசத்திலிருந்து குழம்பாக எழுந்து இறுகிய கார்பனடைட் என்று தெரிகிறது. மணலின் மூலப்பொருளாகிய சிலிக்காவே பிரதானமாக இல்லாமல், கார்பனேட்டே குழம்பாக ஓடுவது உலகில் மிக அபூர்வம். இன்று அத்தகைய குழம்பை உமிழும் எரிமலை தான்சானியாவிலுள்ள ஓல் டோய்ன்யோ லெங்காய் ஒன்றே. 500, 600 டிகிரியில் கரிய சேறுபோல் வழிந்து, காற்றின் ஈரம் பட்டதும் சில நாட்களில் வெளுத்துவிடுகிறது. மூணாற்றிலும் கார்பனடைட் உண்டு. அங்கே, ஏறத்தாழ 74 கோடி ஆண்டு வயதுள்ள கிரானைட்டின் அண்டையில் அது அமைந்திருப்பதையும், அதன் அருமண் தனிமங்களின் விகிதத்தையும் சந்தோஷும் சகாக்களும் 1980களில் எழுதினார்கள். கண்டம் பிளக்க முயன்ற கோடுகளை ஒட்டியே இப்பாறைகள் பெரும்பாலும் தோன்றுகின்றன. முயற்சி பலித்தால் சமுத்திரம் பிறக்கும்; பலிக்காவிட்டால் இத்தகைய சில்லறை அடையாளங்கள் எஞ்சும்.

பலித்த முயற்சியின் அடையாளத்துக்கு டைக்குகளைப் பார்க்கவேண்டும். பூமி இழுபட்டு விரிசல் காணும்போது, கீழிருந்து எழும் பசால்ட் குழம்பு அவ்விரிசலில் புகுந்து இறுகி, பழைய பாறையை ஊடறுக்கும் செங்குத்தான சுவராகிவிடுகிறது, அதுவே டைக். மத்தியக் கேரளத்தில் இவை நூற்றுக்கணக்கில் உண்டு. வெட்டவெளியில் மழை தின்ற டைக்கில் பாறை வெங்காயச் சருகுபோல் உரிந்து உரிந்து, நடுவில் உருண்டைக் கருங்கற்கள் மிஞ்சியிருக்கும். கல் குவாரியில் புதிதாக அறுபட்ட முகத்திலோ வேறு காட்சி. சுற்றிலும் வெளிறிய நைஸ் பாறை. நடுவே கரிய பட்டை. பட்டையின் ஓரத்தில் விரலை வைத்தால் மணியே தட்டுப்படாத வழவழப்பு; ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஓரிரு அடி நகர்ந்தால் உப்புக்கல் அளவுக்குக் கனிம மணிகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். குளிர்ந்த பாறையைத் தொட்ட இடத்தில் குழம்பு உடனே உறைந்தது, படிகம் வளர அவகாசமில்லை. நடுவில் நிதானமாக ஆறியது, அங்கே வளர்ந்தது. அவ்விரிசலில் குழம்பு எந்தப் பக்கம் புகுந்தது, எத்தனை முறை புகுந்தது என்றுகூட இந்த ஓரங்களைக் கொண்டே சொல்லிவிடுவார்கள். நம் வீட்டுச் சமையல் மேடைக்கு ‘பிளாக் கிரானைட்’ என்று விலைபேசி வாங்கும் பலகையும் பெரும்பாலும் கிரானைட் அன்று. இத்தகைய டைக்குகளில் வெட்டியெடுத்த, பசால்ட் குழம்பே இறுகிய டோலரைட்டோ கேப்ரோவோதான். கவசத்தில் பிறந்த கல்லின்மேல் காய் நறுக்குகிறோம்.

திருவனந்தபுரம் மையத்தைச் சேர்ந்த டி. ராதாகிருஷ்ணாவும் சகாக்களும் இந்த டைக்குகளுக்கு வயது கணித்தார்கள். கல்லிலுள்ள பொட்டாசியத்தில் ஒரு சிறு பகுதி கதிரியக்கமுள்ளது. 125 கோடி ஆண்டுகளில் பாதியாகக் குறையும் அது, சிதையும்போது ஒரு பங்கு ஆர்கான் வாயுவாக மாறிப் படிகத்துக்குள்ளேயே தங்கிவிடுகிறது. தங்கிய ஆர்கானை அளந்தால், கல் இறுகிய காலம் கிடைக்கும். 1994இல் வெளியான முடிவின்படி, வடவடமேற்கிலிருந்து தென்தென்கிழக்காக ஓடும் கேப்ரோ டைக்குகள் ஒரு கூட்டம், வயது ஏறத்தாழ எட்டரைக் கோடி ஆண்டு; வடமேற்கு–தென்கிழக்காக ஓடும் டோலரைட் டைக்குகள் மற்றொரு கூட்டம், வயது ஆறரை முதல் ஏழு கோடி ஆண்டு.

இவ்விரண்டு எண்களும் வெறும் எண்களல்ல. குழம்பு எப்போதும் இழுப்புக்குக் குறுக்காகத்தான் விரிசலைத் திறக்கும். ஆகவே டைக்கின் திசை, அக்காலத்தில் நிலம் எப்பக்கம் இழுபட்டது என்பதற்குச் சாசனம். முதற் கூட்டம் கேரளக் கடற்கரைக்கு ஏறத்தாழ இணையாக ஓடுகிறது. எட்டரை முதல் ஒன்பது கோடி ஆண்டுகளுக்கு முன், அதுவரை நம் மேற்குக்கரையோடு ஒட்டிக்கிடந்த மடகாஸ்கர் பிரிந்து போயிற்று. மடகாஸ்கரின் கிழக்குக் கரையில் அக்காலத்து எரிமலைப் பாறைகள் நெடுகக் கிடக்கின்றன. உடுப்பிக்கு அருகே மால்பே கடலில், தூண் தூணாக நிற்கும் செயின்ட் மேரீஸ் தீவுப் பாறைகளும் அக்காலத்தவையே. இரண்டாம் கூட்டமோ, மகாராஷ்டிரத்திலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் இன்றும் சுமார் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை மூடியிருக்கும் தக்காணப் பசால்ட் பொங்கிய காலத்தை ஒட்டியது. குழம்பிலுள்ள காந்தக் கனிமங்கள் ஆறும்போது அன்றைய காந்தப்புலத்தின் திசையையும் சாய்வையும் பதிவு செய்துகொள்வதால், அப்போது இந்தியா பூமத்திய ரேகைக்கு வெகு தெற்கே இருந்ததும் இக்கற்களில் எழுதியிருக்கிறது. மூணாறும் மறையூரும் அமைந்த நிலம், இன்று ரீயூனியன் தீவு இருக்கும் அட்சரேகைகளின் பக்கமாகக் கடந்து வந்த நிலம்.

ரீயூனியன் என்றதும், அங்கே இன்றும் அடிக்கடி பொங்கும் பிதோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலையை நினைக்கவேண்டும். கவசத்தின் ஆழத்திலிருந்து உஷ்ணப் பாறை தூண்போல் எழுந்து ஓரிடத்திலேயே நிற்க, மேலே தட்டுகள் நகர்ந்து செல்கின்றன என்று 1971இல் ஜேசன் மார்கன் கூறிய கொள்கைப்படி, தக்காணத்தைப் பொங்கவைத்ததும், லட்சத்தீவு, மாலத்தீவு வழியாகக் கடலடியில் ஒரு நீண்ட எரிமலை வரிசையை விட்டுவைத்ததும், ரீயூனியனில் இப்போது எரிவதும் ஒரே தூண். மடகாஸ்கர்ப் பிரிவுக்கு மரியன் தீவின் தூணைச் சொல்வார்கள். எங்கே குழம்பு கண்டாலும் ஒரு தூணை நட்டுவிடுவது சில ஆசிரியர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. கண்டம் பிளந்து பாரம் தளர்ந்தாலே குழம்பு வரும் என்று முன்னரே கண்டோம். ஆகையால் தூணுக்குத் தனிச் சாட்சி தேவை. ஹீலியம் அத்தகைய சாட்சி. அதன் இரு வகைகளில் இலேசானதாகிய ஹீலியம்-3 பெரும்பாலும் பூமி பிறந்த காலத்தில் அகப்பட்டது. கனமானதோ யுரேனியமும் தோரியமும் சிதைவதால் நாளும் பெருகுவது. சமுத்திர மத்தியில் பிறக்கும் பசால்ட்டில் இவற்றின் விகிதம் காற்றிலுள்ளதைப்போல் எட்டு மடங்கு. ராஜஸ்தானத்து முண்டுவாராவிலும் சர்னு-தண்டாலியிலும், தக்காணப் பொங்கலுக்குச் சற்று முந்திய பாறைகளில், அசீஷ் பாசுவும் கூட்டாளிகளும் அது ஏறத்தாழ பதினான்கு மடங்கு வரை இருக்கக் கண்டு 1993இல் வெளியிட்டார்கள். மேற்கவசத்தோடு கலவாமல் ஆழத்தில் ஒதுங்கிக்கிடந்த பழம்பொருள் அக்குழம்பில் வந்திருக்கிறது என்று கொள்ளாமல் இதற்குச் சமாதானம் சொல்வது கடினம்.

ஆழ்ந்த கவசம் இன்றும் நம் தெற்கே ஒரு விளைவைக் காட்டிக்கொண்டிருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே, புவியீர்ப்பு குறைவாக இருப்பதன் காரணமாகக் கடல்மட்டம், இருக்கவேண்டிய கணக்கைவிட 106 மீட்டர் தாழ்ந்திருக்கிறது; வேனிங் மைனஸ் என்ற டச்சு அறிஞர் 1948இல் கண்ட இக்குழி, உலகிலேயே ஆழமானது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த தேபாஞ்சன் பாலும் அத்ரேயி கோஷும், கவசத்தின் ஓட்டத்தைக் கணினியில் பதினான்கு கோடி ஆண்டுக்கு முன்னிருந்து பத்தொன்பது விதமாக ஓட்டிப் பார்த்து, 2023இல் ஒரு விளக்கம் தந்தார்கள். இந்தியா வடக்கே நகர்ந்தபோது மூடிப்போன டெத்திஸ் சமுத்திரத்தின் தரை, கவசத்தின் அடிவரை மூழ்கி, ஆப்பிரிக்காவுக்கு அடியிலுள்ள உஷ்ணப் பெருந்திரளைக் கிளறிவிட, அதிலிருந்து எழுந்த இலேசான பொருள் இந்தியப் பெருங்கடலின் அடியில் வந்து பரவியதே காரணம் என்பது அவர்கள் கொள்கை. கணினி எதையும் ஓட்டிக் காட்டும்; ஓட்டியது மெய்தானா என்று அறிய, இடையிடையே மைல்கல் வேண்டும். அந்தப் பதினான்கு கோடி ஆண்டுகளுக்கு நடுவே, இன்ன காலத்தில், இன்ன அட்சரேகையில், நிலம் இன்ன திசையில் இழுபட்டுக் கவசம் உருகிற்று என்று தேதியிட்டுச் சொல்லும் கற்களில் சில, இடுக்கிக்கு அண்டையில் இடமலையாற்றுக் காப்புக் காட்டில் நெடுஞ்சுவராக ஓடும் கேப்ரோவில் இருக்கின்றன. ஜல்லியும் எம்-சாண்டுமாக அரைபடாமல் அது குவாரிக்காரர் கைக்கு எட்டாத இடத்தில் அமைந்தது ஆராய்ச்சியாளர்களுடைய அதிர்ஷ்டம்.